நாடி பார்த்த இருவர்

அம்மாவின் இரண்டாவது கணவர் காலையில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தராசம்மாவின் கண்ணில் பட்டது. சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் உதடுகள் அசைந்தன. எதையோ எண்ணுகிறார். அவள் செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டதும் சட்டென்று கையை விட்டுவிட்டு, "வாம்மா, எப்ப வந்தே?" என்றார்.

தராசம்மா என்பது கடைத்தெரு அவளுக்கு வைத்த பெயர். எடை அளவு ஆய்வாளர் அவள். தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், உள்ளே குடைந்து ஈயம் எடுத்த படிக்கல், பெட்ரோல் பம்பு மீட்டரில் அறுந்த முத்திரை, எல்லாவற்றையும் கடைக்காரன் முகத்தைப் பார்த்தே மோப்பம் பிடித்துவிடுவாள். அவள் அனுபவத்தில் குற்றமில்லாதவன் தராசைப் பார்ப்பான்; குற்றமுள்ளவன் அவளைப் பார்ப்பான். இப்போது அந்த மனிதர் அவளைத்தான் பார்த்தார்.

"எதுக்கு அம்மா கையைப் புடிச்சிட்டு நின்னீங்க?"

"சும்மாதான்."

அம்மா சிரித்தாள். "அவருக்கு அது ஒரு பழக்கம்டி. நீ உக்காரு."

டெலிபோன் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் அம்மா. தனியாக இருந்து சலித்துப்போய், செடிகள் வாங்கப்போன இடத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த இந்த மனிதரிடம் பேச ஆரம்பித்து, ஒரு வருடம் கழித்து மகளிடம் வந்து, "நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னாள். தராசம்மா தடுக்கவில்லை. ஆசீர்வதிக்கவுமில்லை. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லி உடனே கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து அந்த மனிதரை எந்த உறவு சொல்லியும் அவள் கூப்பிட்டதில்லை. மொட்டையாகத்தான் பேசுவாள். மனசுக்குள் அவர் செடிக்காரர்.

அன்று அம்மா மாடிப்படியில் பாதி ஏறி நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் கிறுகிறுன்னு வந்துச்சு. போன வாரம்கூட குளியலறையில அப்படியே உக்காந்துட்டேன். டாக்டர் பலவீனம்னு சொல்லிட்டாரு."

"மாத்திரை எல்லாம் யார் எடுத்துக் குடுக்கிறாங்க?"

"அவர்தான். சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல ஒரு கிண்ணத்துல வச்சிடுவாரு. நான் எதையும் யோசிக்கவே வேண்டாம்."

நான் எதையும் யோசிக்கவே வேண்டாம். அந்த வாக்கியம் தராசம்மாவின் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. மாடி ஜன்னல் வழியாகக் கீழே பண்ணையைப் பார்த்தாள். தொட்டிகள் வரிசை, தண்ணீர்க் குழாய், நிழல்வலை. மதில் ஓரமாக ஆள் உயரத்துக்கு இளஞ்சிவப்புப் பூக்களோடு ஒரு புதர். அரளி. ஆடுகூட வாய் வைக்காத செடி. தின்றவர் நெஞ்சைப் பிடித்து நிறுத்திவிடும் என்று யாருக்குத்தான் தெரியாது?

சந்தேகம் என்பது வீட்டுக்குள் புகுந்த எலி மாதிரி. ஒரு தடவை சத்தம் கேட்டுவிட்டால் அப்புறம் எல்லாச் சத்தமும் அதன் சத்தம்தான். அடுத்த வாரம் அம்மா வீட்டுத் தெருவில் பரிசோதனைக்குப் போன இடத்தில் அரிசிக் கடைக்காரர் தானாகவே வாயைத் திறந்தார். அவருடைய எலக்ட்ரானிக் தராசு சரியாக இருந்தது. அந்த சந்தோஷத்தில் பேச்சு நீண்டது.

"நாற்றுப்பண்ணைக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிற அம்மா உங்களுக்குச் சொந்தமா? நல்ல மனுஷிங்க. பாவம், அவரோட மொத சம்சாரமும் நல்லவங்கதான். படுக்கப் போனவங்க காலையில எந்திரிக்கவே இல்ல."

"என்ன வியாதி?"

"யாருக்குத் தெரியும்? ஒரு வியாதியும் இல்லாத மாதிரிதான் இருந்தாங்க."

தராசம்மா முத்திரைக் கருவியைப் பைக்குள் வைத்தாள்.

அடுத்த முறை போனபோது செடிக்காரர் வழக்கம்போல ஒரு பிளாஸ்கில் சூப் ஊற்றிக்கொடுத்தார். அம்மாவுக்குத் தினமும் அவர் கையால் வைப்பது. அவள் அதைக் குடிக்கவில்லை. அப்படியே அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். அதே கட்டடத்தின் பின்பக்கம் உணவுப் பரிசோதனைக் கூடம். அங்கே வேலை பார்க்கும் தோழி மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"வாசனை நல்லா இருக்கே. யார் மேல கேஸ்?"

"கேஸ் இல்ல. அரளி கலந்திருக்கான்னு பாரு."

தோழியின் சிரிப்பு அடங்கியது. ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள். சில நாள் கழித்துக் கூப்பிட்டாள். "நான் பாத்த வரைக்கும் மிளகுதான் தூக்கல். வேற ஒண்ணும் கிடைக்கல. ஆனா எல்லா விஷத்தையும் இங்க பாக்க முடியாதுடி, அதுவும் சொல்லிடறேன். உனக்கு நெஜமாவே சந்தேகம்னா போலீசுக்குப் போ. இல்லன்னா சூப் வச்சவங்களையே கேளு."

தராசம்மா இரண்டையும் செய்யவில்லை. தோழி சொன்னதில் "எல்லா விஷத்தையும் பாக்க முடியாது" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாள். அம்மாவை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அம்மா தேறினால் அதுவே சாட்சி.

"கொஞ்ச நாள் என்கூட வந்து இரும்மா. எனக்கும் தனியா இருந்து போரடிக்குது."

அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. மகள் அப்படிக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. செடிக்காரருக்கு முகம் சுருங்கியது. தராசம்மா அதையும் கவனித்துக்கொண்டாள்.

"அவளுக்கு உடம்பு சரியில்லாத நேரம்மா. இங்கயே இருக்கட்டுமே. நான் பாத்துக்கிறேன்."

"நான் அவங்க பொண்ணு. எனக்கும் பாத்துக்கத் தெரியும்."

அவர் மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக்கொடுத்தார். பிரஷர் மாத்திரை காலையில், சத்து மாத்திரை சாப்பிட்டதும் என்று பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையை அப்படியே அலமாரியின் மேல்தட்டில் தள்ளிவிட்டு, அதே மாத்திரைகளை வேறு கடையில் புதிதாக வாங்கி வந்தாள் தராசம்மா. அவர் தொட்ட எதுவும் அம்மாவின் வாய்க்குள் போகக்கூடாது.

மகள் அம்மாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள் என்று சொன்னால் அது அப்படியே பொருந்தும். அம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம் அதிகம். பார்வை போய்விடாமல் இருக்கக் கண் மருத்துவர் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்திருந்தார். ஆரம்பத்திலிருந்தே அதை வாங்கிக்கொடுப்பது தராசம்மாதான். அந்த ஒன்றையாவது அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அம்மா போட்டுக்கொள்கிற விதத்தை இப்போதுதான் பக்கத்திலிருந்து பார்த்தாள். கை நடுங்கியது. பாதி சொட்டு கன்னத்தில் வழிந்தது.

"இப்படிப் போட்டா மருந்து எப்படிம்மா உள்ள போகும்? படு."

காலையும் மாலையும் அம்மாவைப் படுக்க வைத்து, இமையை விரித்து, சொட்டை நேராக விழவைத்தாள். சரியாக விழுந்ததா என்று ஐயம் வந்தால் இன்னொரு சொட்டு. எடை குறைந்தால்தானே குற்றம், கூடினால் என்ன?

அம்மா தேறவில்லை. முன்பைவிடத் துவண்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் நின்றுவிடும். கை ஜில்லென்றிருக்கும். தராசம்மாவுக்கு அப்போதும் அந்த மனிதர்மேல்தான் ஆத்திரம் வந்தது. எத்தனை நாளாகக் கொடுத்தாரோ, உடம்பில் ஊறிப்போய்விட்டது என்று நினைத்தாள். அவர் தினமும் போன் செய்தார். "நாடி எப்படி இருக்கு, எண்ணிப் பாத்தியா?" என்று கேட்டார். உங்கள் வேலை முடிந்ததா என்று கேட்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. "நல்லா இருக்காங்க" என்று வைத்துவிட்டாள்.

ஒரு மதியம் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி தரையில் விழுந்த சத்தம் கேட்டுத் தராசம்மா ஓடிவந்தபோது அம்மா அலமாரியில் சாய்ந்தபடி சரிந்துகொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் அந்தக் கண்ணில் ஆள் இல்லை.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அம்மாவின் மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் பச்சைக்கோடு ஒரு தடவை குதித்தது. பிறகு நேராகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. இனிமேல் குதிக்காது என்று தராசம்மா நினைத்த நேரத்தில் மறுபடி குதித்தது. இதய மருத்துவர் ஒரு ஒல்லியான பெண்மணி; ஊசி ஒன்றைப் போடச் சொல்லிவிட்டு, தேவைப்பட்டால் வெளியிலிருந்து இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவியைப் படுக்கை அருகில் தயாராக நிறுத்தச் சொன்னார்.

செடிக்காரர் ஓடிவந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நகக்கண்ணில் மண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவியைப் பார்த்தார். திரும்பித் தராசம்மாவைப் பார்த்த பார்வை அவளுக்கு ரொம்பப் பழக்கமானது. அவள் முகத்தில் அவளே எத்தனையோ தடவை வைத்துக்கொண்ட பார்வை அது.

"என்ன குடுத்தே அவளுக்கு?"

"நானா? நானா குடுத்தேன்?"

"என்கிட்ட இருந்தப்போ நடந்துட்டிருந்தா. உன் வீட்டுக்கு வந்த பின்னாடிதான் இப்படி ஆயிட்டா. போன்ல கேட்டா வச்சிடறே. ஏன் வச்சே? கல்யாணம் பண்ணின நாள்ல இருந்து உனக்கு நாங்க சேந்து இருக்கிறது புடிக்கல. எனக்குத் தெரியாதா?"

"உங்க வீட்டு மதில் ஓரத்துல இருக்கிற அரளி எனக்குத் தெரியாதா? உங்க மொத சம்சாரம் எப்படிப் போனாங்கன்னு தெருவே பேசுதே!"

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அப்போது மருத்துவர் வெளியே வந்து, "சண்டையை இங்க வச்சுக்காதீங்க. ரெண்டு பேரும் உள்ள வாங்க. எனக்கு உங்ககிட்ட இருந்து தகவல் வேணும், தீர்ப்பு வேண்டாம்" என்றார்.

அம்மாவுக்கு ஊசி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. கண்ணை விழித்துச் சோர்வாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் படுக்கை ஓரத்தில் நின்றே கேட்டார். "அம்மா என்னென்ன மருந்து சாப்பிடறாங்க?"

தராசம்மா புதிதாக வாங்கிய மாத்திரை அட்டையை நீட்டினாள். மருத்துவர் படித்துவிட்டு, "இது பிரஷரைக் குறைக்கும், கூடவே இதயத்தோட வேகத்தையும் குறைக்கும். ஆனா ரொம்பச் சின்ன அளவு. இதனால மட்டும் இவ்வளவு ஆகாதே" என்று புருவத்தைச் சுருக்கினார். "வேற?"

"அரளி…" என்று தராசம்மா இழுத்தாள்.

"சூப்ல கலந்தேன்னு சொல்லப் போறா" என்றார் செடிக்காரர்.

"அதுக்கும் ரத்தம் எடுத்திருக்கேன், பாத்துடலாம்" என்றார் மருத்துவர், ஆச்சரியமே காட்டாமல். "நான் கேக்கிறது வேற. வாய் வழியா மட்டும் இல்ல. தோல்ல தடவுறது, மூக்குல விடறது, காதுல, கண்ணுல?"

அம்மாதான் மெல்லச் சொன்னாள். "கண்ணுக்குச் சொட்டு போடறேன்."

"அது கண்ணுக்குத்தான், டாக்டர்" என்றாள் தராசம்மா.

"பேர் என்ன?"

அந்தக் குப்பி அவள் கைப்பையிலேயே இருந்தது. எங்கே போனாலும் வேளை தவறக்கூடாது என்று வைத்திருந்தாள். எடுத்துக்கொடுத்தாள். மருத்துவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் படித்தார். பிறகு மாத்திரை அட்டையை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"யார் போட்டு விடறது?"

"முன்னாடி அவங்களே. பாதி வெளிய போயிடும். இப்ப நான் போடறேன். நேரா விழற மாதிரி. சில சமயம் ரெண்டு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. மருத்துவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கே பார்ப்பது என்றும் தெரியவில்லை.

"இது ரெண்டும் பங்காளிங்க" என்றார் மருத்துவர். "மாத்திரை செய்யற வேலையைத்தான் இந்தச் சொட்டும் செய்யுது. கண்ணுல விட்டது கண்ணுலயே நிக்காது. மூக்குக்குப் போற சின்ன வழி ஒண்ணு இருக்கு, அதுல இறங்கி நேரா ரத்தத்துல கலந்துடும். இவங்க இதயம் ஏற்கெனவே மெதுவா ஓடற இதயம். வயசாகும்போது சில பேருக்கு உள்ள இருக்கிற மின்சாரம் மந்தமாகும். அந்த மாதிரி வண்டியில ஒரு பிரேக்கே அதிகம். இங்க ரெண்டு பிரேக். இத்தனை நாள் ஒண்ணு பாதிதான் பிடிச்சிட்டிருந்துச்சு."

"இப்ப நான் முழுசா மிதிச்சிட்டேன்" என்றாள் தராசம்மா.

மருத்துவர், "மாத்திரை எழுதினவருக்குச் சொட்டு தெரியாது, சொட்டு எழுதினவருக்கு மாத்திரை தெரியாது. உங்களை மட்டும் சொல்ல முடியாது" என்றார்.

"ரெண்டையும் தூக்கிப் போட்டுடலாமா?" என்று செடிக்காரர் கேட்டார்.

"அவசரப்படாதீங்க. கண்ணு மருந்தைச் சும்மா நிறுத்தினா பார்வை போகும். பிரஷர் மருந்து இல்லன்னா அது ஏறும். அதுவும் இந்த மாதிரி மாத்திரையை வீட்டுல யாரும் தானா திடீர்னு நிறுத்தக்கூடாது; இங்க நாங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டு நிறுத்தறோம். பிரஷருக்கு ரத்தக்குழாயை மட்டும் தளர்த்தற வகை இருக்கு, இதயத்தோட தாளத்துல கை வைக்காது. கண்ணுக்கும் வேற வகைச் சொட்டு இருக்கு. கண் டாக்டர்கிட்ட நானே பேசறேன்."

அவர் அங்கேயே நின்று கண் மருத்துவரைப் போனில் பிடித்தார். கண்ணுக்குப் பலன் தர வேண்டும், இதயத்தைத் தொடக்கூடாது, அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவும் வேண்டும். ஒன்றைச் சொன்னார்கள், அம்மாவுக்கு முன்பு ஆஸ்துமா உண்டா என்று கேட்டார்கள், இன்னொன்றுக்குத் தாவினார்கள். தராசம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். தன் வேலையில் ஒரு தட்டைச் சரிசெய்தால் போதும். இங்கே ஒரு தட்டைத் தொட்டால் மூன்று தட்டு ஆடியது.

தாழ்வாரத்து நாற்காலியில் இரண்டு பேரும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். செடிக்காரர்தான் ஆரம்பித்தார், தரையைப் பார்த்தபடி.

"அவளுக்கும் இதயம்தான். மொத சம்சாரத்துக்கு. அடிக்கடி படபடன்னு வருதுன்னு சொல்லுவா. 'உனக்கு எப்பவும் பயம்'னு நான் கிண்டல் பண்ணுவேன். ஒருநாள் எழுப்பினேன், எந்திரிக்கல. அதனாலதான் உங்கம்மா கையைப் புடிச்சு எண்ணிட்டு இருந்தேன். மெதுவா இருக்குன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். ஓட்டப்பந்தயக்காரங்களுக்கு அப்படித்தான் இருக்கும், நல்லதுதான்னு சிரிச்சாரு. நானும் விட்டுட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ எப்பம்மா என்கிட்ட பேசினே?"

"உங்க சூப்பை நான் பரிசோதனைக்குக் குடுத்தேன்" என்றாள்.

அவர் தலையை நிமிர்த்தினார். கோபப்படப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"மிளகு தூக்கல்னாங்க."

அவர் மூக்கால் ஒரு சத்தம் போட்டார். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத சத்தம். அதற்குப் பிறகும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மருந்துகள் உடம்பை விட்டு இறங்க இறங்கப் பச்சைக்கோடு அடிக்கடி குதிக்க ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனையில் அரளி இல்லை என்று வந்தது. மருத்துவர் அதை யாரிடமும் தனியாகச் சொல்லவில்லை, எல்லாரும் இருக்கும்போது மற்ற முடிவுகளோடு சேர்த்துப் படித்துவிட்டுப் போனார். பேஸ்மேக்கர் இப்போதைக்கு வேண்டாம், பின்னால் ஒருவேளை தேவைப்படலாம், கண்காணிப்பு விடக்கூடாது என்றார். எந்த மருத்துவரிடம் போனாலும், எதற்காகப் போனாலும், முதல் வாக்கியமாக "என் இதயம் மெதுவா துடிக்கும்" என்று சொல்ல வேண்டும் என்று அம்மாவைப் பள்ளிப்பிள்ளை மாதிரி திரும்பச் சொல்லவைத்தார்.

அம்மா கன்னத்தில் நிறம் திரும்பியதும் வாயும் திரும்பியது. வார்டில் மற்றவர்கள் தூங்கிய ஒரு பிற்பகலில் இருவரையும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்காரச் சொன்னாள். தாழ்வாரத்துச் சண்டை நர்சுகள் வழியாக அவள் காதுக்கு வந்திருந்தது.

"ஒருத்தர் என்னை அரளி வச்சுக் கொல்றாராம். ஒருத்தி பொறாமையில கொல்றாளாம். ஏன்டி, டெலிபோன்ல ஊர்ப்பட்ட குரலைக் கேட்டவ நான். ஒரு மனுஷன் நல்லவனா கெட்டவனான்னு குரலை வச்சே சொல்லுவேன். என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?" பிறகு கணவரைப் பார்த்தாள். "நீங்களும்தான். நாடி மெதுவா இருக்குன்னு என்கிட்ட ஏன் சொல்லல? நாடி என்னுதுதானே?"

"நீ பயந்துடுவியோன்னு…"

"நீங்க ரெண்டு பேரும் என் நோயை விட்டுட்டு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டு இருந்தீங்க. நான் நடுவுல சாகப் பாத்தேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்க இருவரிடமும் பேசவில்லை. தராசம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். மறுநாள்தான் அம்மா, "அழுதது போதும், தலைவாரி விடு" என்றாள்.

வீடு திரும்பும்போது யாரோடு போவது என்று அம்மாவிடம் யாரும் கேட்கத் துணியவில்லை. அவளே கணவரின் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பின்கதவைத் திறந்து மகளையும் ஏறச் சொன்னாள். புதுச் சொட்டை எப்படிப் போடுவது என்று நர்ஸ் கற்றுக்கொடுத்திருந்தார்: ஒரே சொட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண்முனையை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திக்கொள்ள வேண்டும். அதை அம்மா கண்ணாடி முன் நின்று தானே செய்துகொண்டாள். நடுக்கத்துக்காகக் கையை அலமாரியில் ஊன்றிக்கொண்டாள். மருந்துக் கிண்ணத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சந்தேகம் அதற்காக அன்றே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. தராசம்மாவுக்குச் செடிக்காரரின் கைகள் அடுப்பருகே போகும்போதெல்லாம் கண் தானாக அங்கே போகும். அவள் கைப்பையைத் திறந்தால் அவர் பார்வை அதற்குள் எட்டிப்பார்க்கும். இருவருக்கும் அது தெரியும். தெரிந்ததும் கொஞ்சம் வெட்கம் வரும். வெட்கம் வந்தால் ஏதாவது பேச வேண்டியிருக்கும். அப்படித்தான் அவர்கள் பேசப் பழகினார்கள்: நிழல்வலை விலை, லாரித் தண்ணீர், எந்தக் கடையில் தராசு பொய் சொல்கிறது.

மழைக்காலத்தில் அம்மாவுக்குச் சளி பிடித்தது. மூவருமாக மருந்துக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைப்பதற்குள், "இது இதயத்தை மெதுவாக்குமா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கடைக்காரர் பயந்துபோய் பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இது வேண்டாங்க" என்றாள் அம்மா அவரிடம். "என் இதயம் மெதுவா துடிக்கும், பிரஷரும் உண்டு. மொதல்ல டாக்டரைக் கேட்டுக்கிறேன். இவங்க ரெண்டு பேரையும் கண்டுக்காதீங்க." குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். முழங்கால் அளவு தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, எதிரே வந்த மிதிவண்டிக்கு வழிவிட்டு, விறுவிறுவென்று நடந்தாள். குடை இல்லாத இரண்டு பேரும் நனைந்தபடி பின்னால் ஓடினார்கள்.